அரசருக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர்கள்

போன மாதம் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தபோது அந்தக் கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். அட்டையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம். நெற்றிப் பக்கம் சிவப்புப் பிளாஸ்டிக் கல் ஒன்று. நம் ஊர்த் தமிழ் நாடகங்களைப் பற்றிய சின்னக் கண்காட்சி அது. பெட்டிக்கு அடியில் ஓர் அட்டையில், இதை அணிந்தவர் விடுதலை என்ற சொல்லுக்கு மேடையில் உயிர் கொடுத்தவர் என்று எழுதி வைத்திருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கிரீடத்தின் உட்புறம் எனக்குத் தெரியும். தலைச்சாய வாடையும் வியர்வையும் ஊறி, உள்ளே ஒட்டிய பஞ்சு மஞ்சளாகிப் போயிருக்கும். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் அதைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தது அதை அணிந்தவர் இல்லை. அந்த விவரம் அட்டையில் இல்லை.

அணிந்தவர் எங்கள் இயக்குநர். வாரத்தில் ஐந்து நாள் ஒரு பெரிய நிறுவனத்தில் துறைத் தலைவர், மீதி இரண்டு நாள் மக்கள் கலைஞர். ஐந்து நாளும் ஆட்களை விரட்டிப் பழுத்த குரலை அந்த இரண்டு நாளும் கலைக்கு அர்ப்பணித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சமூக மன்றத்தின் மாடியறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆசிரியர்கள், பொறியாளர்கள், மருத்துவமனைத் தாதி ஒருவர், தெம்பனிஸில் ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த நான். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள், வெளியில் யாருக்கும் தலை வணங்காதவர்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் ஒருவர் விடாமல் “சார், சார்” என்று குழைவோம். அவர் கொடுத்த வேடத்தை வாங்கிக்கொள்வோம், கொடுக்காத வேடத்துக்கு ஏங்குவோம். நான் மற்றவர்களைவிட அதிகமாகக் குழைந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெரிய வேடம் எனக்குக் கிடைத்திருக்காது.

நாங்கள் எடுத்துக்கொண்டது, ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போட்டுப் பேர் வாங்கிய பழைய நாடகம். கதை எளிமையானது. போர்க்களத்தில் காயம்பட்ட அரசனை ஓர் அடிமை தோளில் சுமந்து வந்து காப்பாற்றுகிறான். உனக்கு விடுதலை தருகிறேன் என்று அரசன் வாக்குக் கொடுக்கிறான். முதலில் அரண்மனை கட்டி முடியட்டும் என்கிறான், பிறகு இளவரசியின் கல்யாணம் ஆகட்டும் என்கிறான். அடிமை காத்துக்கொண்டே இருக்கிறான். கடைசிக் காட்சியில் அரசன் தன் கையாலேயே அவனுடைய கால் வளையத்தைக் கழற்றி, “இன்று முதல் உனக்கு எஜமானன் இல்லை, உன் கால் காட்டும் வழியில் போ” என்கிறான். அடிமை ஒரு கூக்குரல் எழுப்பிவிட்டு வெளியே ஓடுவான், திரை விழும். அரசன் வேடத்தைச் சார் எடுத்துக்கொண்டார், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அடிமை நான். அரசன் தோன்றும் காட்சியிலெல்லாம் அடிமை அவன் பின்னால் சாமரம் வீசிக்கொண்டு நிற்பான், ஆகவே சார் மேடையில் இருந்த நேரமெல்லாம் நானும் இருந்தேன்.

ஒத்திகைக்கு முன்னால் சார் அரை மணி நேரம் பேசுவார். அடிமைத்தனம் என்றால் என்ன, ஒரு மனிதனின் நேரத்தைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதற்குச் சமம், சங்கிலி காலில் இல்லை மனத்தில் இருக்கிறது என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பேச்சின் உச்சத்தில் தொண்டை கட்டும். கண்ணைத் திறக்காமலே வலது கையை நீட்டுவார். அந்தக் கையில் ஒரு குவளை தே ஹாலியா வந்து உட்காரும். தேநீரில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக, சீனி குறைவாக. ஒரு மிடறு குடித்துவிட்டு மறுபடி விடுதலைக்குப் போவார். குவளையைக் கொண்டுவந்து வைத்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். பத்தாம் வகுப்புவரை படித்தவர், தமிழைத் தெளிவாக வாசிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஓய்வு நாள். அந்த ஓய்வு நாளைத்தான் சார் ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டார். யாராவது கேட்டால், “அவங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் லா. வீட்டுலேயே அடைஞ்சு கிடக்காம நாலு பேரைப் பார்க்கட்டும்னுதான் கூட்டிட்டு வர்றேன்” என்பார். குடும்பத்தில் ஒருத்தருடைய கைப்பேசி ஏன் சாரின் மனைவியின் அலமாரியில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மாடியறையின் ஜன்னலில் நின்றால் கீழே சாலை தெரியும். அக்கா மாதிரியான பெண்கள் அன்றைக்கு ஒருநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வாங்கி வைத்துக்கொண்டு, தேக்கா சந்தைப் பக்கம் கூட்டமாக நடந்து போவார்கள். அக்கா குவளைகளைக் கழுவிக்கொண்டே அவர்களைப் பார்ப்பார். தெரிந்தவர் யாராவது தலை தூக்கிக் கையாட்டினால் இவரும் ஈரக் கையை ஆட்டுவார்.

தேநீர் போடத்தான் அக்கா வந்தார் என்று நினைத்தால் தவறு. அதற்குக் கீழே கடை இருக்கிறது. அக்கா இல்லாமல் சாரால் ஒரு வசனம் பேச முடியாது, அதுதான் விஷயம். அவர் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. மனப்பாடம் செய்த வசனம் செத்த வசனம் என்று அதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தார். உண்மை என்னவென்றால் அவருக்கு நான்கு வரி நினைவில் நிற்காது. பக்கத் திரைக்குப் பின்னால் அக்கா பிரதியோடு நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் முதல் இரண்டு மூன்று சொற்களை எடுத்துக்கொடுக்க வேண்டும். அதில் அக்கா பெரிய கெட்டிக்காரி. சார் மோவாயைக் கொஞ்சம் தாழ்த்துவார், அக்கா அந்த மூச்சு இடைவெளியில் சொற்களைப் போட்டுவிடுவார். முதல் வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. பின்னால் சாமரத்தோடு நிற்கும் எனக்கு மட்டும் கேட்கும். அக்கா வருவதற்கு முந்திய ஒரு நாடகத்தில், வசனத்துக்காகத் திணறி அவர் சும்மா நின்ற நேரங்களை ஒரு விமர்சகர் ‘ஆழமான மௌனங்கள்’ என்று பாராட்டி எழுதினார். சார் அதை வெட்டிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அதன்மேல் தூசு படியாமல் துடைத்ததும் அக்காதான்.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு வழி பிறந்தது. தெம்பனிஸில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஞாயிறுதோறும் விடுமுறை, கைப்பேசி அவர் கையிலேயே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். வேறு வீட்டுக்கு மாறச் சார் சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அந்தத் தாளைக் கொடுத்தே மூன்று வாரம் ஆகியிருந்தது. சார் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது அக்கா வேறு ஏதாவது யோசித்திருப்பார். “நாடகம் முடியட்டும்மா, போடறேன்” என்றார். நாடகம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. ஆசிரியை திங்கட்கிழமைவரைதான் காத்திருப்பேன், அதற்குமேல் வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை இருந்தது.

இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னது ஒத்திகை இடைவேளையில், கழுவுதொட்டி ஓரத்தில். “நீங்க சொன்னா அவர் கேட்பார் தம்பி. உங்க மேல அவருக்குப் பிரியம். எனக்குப் பணம் காசு எதுவும் வேண்டாம், இந்த ஒரு கையெழுத்துப் போதும். ஞாயித்துக்கிழமை எனக்குன்னு ஒரு நாள் இருந்தா நானும் மனுஷியா இருந்துக்குவேன்” என்றார். ஆகட்டும் அக்கா, கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று மார்தட்டிவிட்டு நேராகச் சாரிடம் போனேன். அவர் கண்ணாடியில் மீசையை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல சார். கடைசி சீன்ல நான் கத்துறது போதுமா, இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா?” என்று கேட்டேன். இன்னும் ஏத்து என்றார். திரும்பி வந்து அக்காவிடம், “ஷோ முடியட்டும் அக்கா, இப்ப மூட் சரியில்ல” என்றேன். அக்கா தலையாட்டினார். என் முகத்தில் துப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

அந்தக் கத்தலை நான் செங்காங்கில் என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் பழகியிருந்தேன். பல தலைமுறைகளின் வேதனை அதில் வெளிப்பட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஒருநாள் கதவைத் தட்டி வயிற்று வலியா என்று கேட்டுவிட்டுப் போனார். என் அம்மா உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி, மூன்றாவது வரிசை முழுக்க எங்கள் ஆட்கள்தான் என்று ஏற்பாடு செய்திருந்தார். அடிமை வேடம் போட்டால் கைத்தட்டல் கிடைக்கும் என்பதைத் தவிர அடிமையைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் பார்க்க வேண்டியவர் பத்தடி தூரத்தில் குவளை கழுவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஒப்பனை அறையில், எல்லோர் முன்னிலையிலும் அக்கா அந்தத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து சாரிடம் நீட்டினார். சார் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார். “ஐயா, இன்னைக்கு நாடகம் முடியுது. திங்கக்கிழமைதான் கடைசி நாள். இதுல ஒரு கையெழுத்து” என்றார். சார் சிரித்தார். “என்னம்மா, இந்த நேரத்துலயா? ஆமா, ஜூன்ல ஸ்கூல் ஷோ நாலு வந்திருக்கு, சொன்னேனா? அதையும் முடிச்சிட்டுப் பார்க்கலாம். எங்களை விட்டுட்டு எங்க போகப் போறே?” என்றார். அறையில் இருந்த ஆசிரியர்களும் பொறியாளர்களும் தங்கள் செருப்பு வாரைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டார்கள். நான் என் முதுகுக்கு யாராவது சாட்டைத் தழும்பு வரைந்துவிட வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்காதான் வரைந்துவிட்டார்.

நாடகம் நன்றாகப் போனது. அக்கா ஒரு வசனம் தவறவிடவில்லை. சாரின் மோவாய் தாழ்ந்தபோதெல்லாம் சொல் வந்து விழுந்தது. கடைசிக் காட்சியில் நான் மண்டியிட்டேன். சார் குனிந்து என் கால் வளையத்தைக் கழற்றினார், நிமிர்ந்தார், மோவாயைத் தாழ்த்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தாழ்த்தினார். ஒன்றும் வரவில்லை. நான் மண்டியிட்டிருந்த இடத்திலிருந்து பக்கத் திரைக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்தது. அக்கா பிரதியை மூடிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நீட்டிய வலது கையில் அந்தத் தாளும் பேனாவும். முகத்தில் கோபமில்லை, பேருந்துக்கு நிற்பவரைப்போல் காத்திருந்தார். முன்வரிசையில் ஒருவர் மடியில் இருந்த குழந்தை, “ஏன் அந்த அங்கிள் பேச மாட்டேங்கிறாரு?” என்று கேட்டது அரங்கம் முழுவதும் கேட்டது. யாரோ இருமினார்கள்.

சார் பக்கத் திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை வழிந்து நீல மேலாடையில் இறங்கியது. அவ்வளவு பெரிய மனிதருக்கு அந்த நேரத்தில் இரண்டு வழிதான் இருந்தது: ஐந்நூறு பேர் முன்னால் ஊமையாக நிற்கலாம், அல்லது பக்கத் திரைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வசனம் பேசலாம். அவர் ஒரு காலை எடுத்துப் பக்கத் திரையை நோக்கி வைத்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். இன்னும் நான்கு எட்டுதான். அரசன் ஏதோ யோசித்து உலாவுகிறான் என்றுதான் சபை நினைத்திருக்கும். விமர்சகர் அதையும் பாராட்டியிருப்பார்.

நான் தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல், “இன்று முதல் உனக்கு எஜமானன்” என்று எடுத்துக்கொடுத்தேன்.

ஏன் செய்தேன் என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். விசுவாசம் இல்லை, பயமும் இல்லை. அவர் அந்த வசனத்தைச் சொன்னால்தான் நான் கத்த முடியும். என் கத்தல் வீணாகப் போய்விடுமே, மூன்றாவது வரிசையில் அம்மா காத்திருக்கிறாரே என்ற நினைப்பைத் தவிர என் தலைக்குள் அந்த நேரத்தில் வேறு எதுவும் இருக்கவில்லை. சாருக்கு உயிர் வந்தது. எடுத்த காலைத் திரும்ப வைத்தார், கையை உயர்த்தினார், என்னை விடுதலை செய்தார். நான் தலைமுறைகளின் வேதனையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். சபை எழுந்து நின்று கைத்தட்டியது. அம்மா அழுதார். ஓடும்போது அக்காவின் தோளை உரசிக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது, வெளியே போக அந்த ஒரு வழிதான்.

திரை விழுந்ததும் சார் என்னைக் கட்டிப்பிடித்து, “என் மானத்தைக் காப்பாத்திட்டேடா” என்றார். அதற்குப் பிறகு ஆள் ஆளுக்கு என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் குறைந்து ஒப்பனை அறைக்குப் போனபோது அக்கா உடைகளை மடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அந்த நிலையிலும் என் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாரா என்று ஒரு நப்பாசை இருந்தது. அக்கா என் சாமரத்தை வாங்கி உறையில் போட்டார். “சாருக்கு அவர் வசனமே தெரியாது, வேற யாருக்கும் சார் வசனம் தெரியாதுன்னு கணக்குப் போட்டேன். இத்தனை மாசமா நான் சொன்னதையெல்லாம் நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் பின்னாடி நின்னிருக்கீங்க. அதை நினைச்சுப் பார்க்காம விட்டுட்டேன் தம்பி” என்றார். தப்புத் தன்னுடையது என்பதுபோலச் சொன்னார். நான் என்னவோ உளறினேன். அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆசிரியை வேறு ஆள் பார்த்துவிட்டார். பத்து நாள் கழித்துச் சார் அக்காவை ஊருக்கு ஏற்றி அனுப்பினார். நன்றி கெட்டவள், குடும்பத்தில் ஒருத்தியாக வைத்திருந்தோம் என்று ஒத்திகையில் அரை மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவில் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார். கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. எங்கள் குழுவில் இருந்த தாதிதான் எழுந்து போய்க் கீழே கடையில் தே ஹாலியா வாங்கி வந்தார். வாங்கி வரச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்களில் நாடகம் போட்டோம். அதற்கு அடுத்த மூன்று வருடமும் போட்டோம். பக்கத் திரைக்குப் பின்னால் புது ஆள் தேவையில்லை என்று சார் சொல்லிவிட்டார். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை, சாமரம் வீசிக்கொண்டே, அரசரின் முதுகைப் பார்த்தபடி எல்லா வசனத்தையும் நான் எடுத்துக்கொடுத்தேன். என்னை விடுதலை செய்யும் வசனத்தையும் நானேதான் எடுத்துக்கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் கத்திவிட்டு வெளியே ஓடினேன், அடுத்த ஞாயிறு பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். நான் வேண்டாம் என்று சொன்னால் யாரும் என்னை ஊருக்கு ஏற்றி அனுப்பியிருக்க முடியாது. யாருடைய கையெழுத்தும் எனக்குத் தேவைப்படவில்லை. நான்கு வருடம் அப்படியே நின்றேன்.